சிவப்பு மையில் நான் செய்த தவறு

(குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கிறது செல்லூர். ஆற்றைக் கடந்தால் மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால். இந்தப் பக்கம், நெசவை நம்பி வளர்ந்த எங்கள் பிள்ளைகளின் தெருக்கள்.

ஒருமுறை ஆறாம் வகுப்பில், ‘எங்கள் ஊரின் சிறப்பு’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லோரும் கோயிலையும் மகாலையும் எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும், மழை பெய்தால் எந்தச் சந்து வழியாகத் தண்ணீர் முதலில் வரும், ரேஷன் அரிசியை அம்மா எங்கே ஏற்றி வைப்பார், தாத்தாவின் தறிக்குழியில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்று எழுதியிருந்தாள். ‘தலைப்பை ஒட்டி எழுதவும்’ என்று சிவப்பு மையில் எழுதி, பத்துக்கு மூன்று போட்டேன்.

2024 அக்டோபரில் பெருமழை. பந்தல்குடி கால்வாய் நிரம்பி, செல்லூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பள்ளி திறந்ததும் அவள் வெறுங்கையோடு வந்தாள். “எல்லா நோட்டும் நனஞ்சு போச்சு டீச்சர்” என்றாள். நான் போட்ட மதிப்பெண்ணைத் திருத்தக்கூட அந்த நோட்டு இல்லை.

அன்று சாக்பீஸை அவள் கையில் கொடுத்தேன். மேலே கண்மாய், நடுவில் கால்வாய், கீழே வைகை என்று கரும்பலகையில் வரைந்தாள். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து வந்து தன் வீட்டைக் குறித்தது. தண்ணீர் ஏன் ஆற்றுக்குப் போகாமல் வீட்டுக்கு வருகிறது என்று அவர்களே விவாதித்தார்கள். குப்பை, ஆக்கிரமிப்பு, மேடு பள்ளம் எல்லாம் வந்தன. நீர்நிலைகள் பாடத்தை நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, இதே வைகைக் கரையில் கீழடியில் நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்ததைச் சொன்னேன். “எங்க தாத்தாவும் தறி நெய்வாரு டீச்சர்!” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். அதுவரை வகுப்பில் வாய் திறக்காத பையன் அவன்.

நண்பர்களே, ஊரின் சிறப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது நாம்தான். அடுத்த முறை ஒரு பிள்ளை தன் தெருவைப் பற்றி எழுதினால், சிவப்புப் பேனாவைத் திறக்கும் முன் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போய்விட்டு வாருங்கள்.