நாய் பழக்குவோரும் நாய் வளர்ப்போரும்



நாயைப் பற்றி நம் மொழியில் இரு வேறு பேச்சுகள் உண்டு. 'நாய் வாலை நிமிர்த்த முடியுமா?' என்றும், 'நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்' என்றும் நம் பழமொழிகள் அதனை இகழ்கின்றன. அதே தமிழகத்திலேதான், திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் ஆட்சிக் காலத்தில், நாயைப் போற்றும் நடுகல் ஒன்றும் எழுந்தது. எருமைகளின் பொருட்டு நிகழ்ந்த பூசலிலே கருந்தேவக்கத்தி என்னும் வீரன் மாண்டான். அவனுடைய நாய் இரு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று அக்கல் கூறுகிறது. நாயின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். கோவிவன் என்பது அதன் பெயர். இகழ்ச்சிக்கு உரியதும் கல்வெட்டிலே பெயர் பெற்றதும் ஒரே பிராணிதான். வளர்த்தவர்களும் பழக்கியவர்களும் அதனிடம் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பதிலேயே வேறுபாடு இருக்கிறது. நாய் பழக்குதலை ஒரு தொழிலாகக் கொள்வதைப் பற்றியும், நாய் வளர்ப்போரின் கடமைகளைப் பற்றியும் இன்று நாம் சிந்திப்போம்.

பொதுவாகப் பேசுவதைவிட ஓர் இடத்தைக் கண்முன் நிறுத்திக்கொள்வது நல்லது. மும்பையின் வடாலாவை எடுத்துக்கொள்வோம். ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஆன்டாப் ஹில் குடியிருப்புகளும் குடிசைப் பகுதிகளும் நெருங்கிக் கிடக்கின்றன. மேற்கே ஐந்து தோட்டங்கள் என்னும் பூங்காக்களும் அகன்ற மரநிழல் வீதிகளும் உள்ளன. மாதுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய இடங்களைப் போலவே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. ஊரிலே நாய்க்கு முற்றம் உண்டு, வயல் வரப்பு உண்டு, திண்ணை உண்டு. இங்கே ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் இருந்தால் அதுவே பெரிது. சுவருக்கு அப்பால் இரவுப் பணி முடித்து வந்த செவிலி உறங்குகிறாள். மாடிப்படியிலே பள்ளிக் குழந்தைகள் இறங்கி வருகிறார்கள். இத்தகைய இடத்தில் ஒருவர் வளர்க்கும் நாய் அவர் வீட்டு விஷயமாக மட்டும் இருந்துவிட முடியாது. அது அந்த மாடியிலுள்ள அனைவருக்கும் அண்டை வீட்டாராகி விடுகிறது.

மும்பைக்கு இந்தக் கவலை புதிதன்று. தெருநாய்களைக் கொல்வதற்குக் கூலி கொடுத்த அரசாணையை எதிர்த்து, 1832 ஜூன் மாதத்தில் இந்நகரத்துப் பார்சி மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1834-இல், ஆதரவற்ற பிராணிகளுக்கான பாஞ்சராப்போல் இங்கே தோன்றியது. வடாலாவுக்கு அண்மையிலுள்ள பரேலில், பாயி சகர்பாய் தின்ஷா பெட்டிட் பெயரால் விளங்கும் பிராணிகள் மருத்துவமனை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பணியாற்றி வருகிறது. அதே பரேலில் 1886-இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கப் பெற்றது. நோயுற்ற நாயை எங்கே கொண்டு செல்வது என்று வடாலாவாசிகள் தயங்கவேண்டியதில்லை. ஆனால் நோயில்லாத நாயை நகரத்தோடு இணங்கி வாழச் செய்வது எப்படி? அங்கேதான் பயிற்சியாளரின் தொண்டு வேண்டப்படுகிறது.

நாய்ப் பயிற்சி என்றதும் காவல் துறை நாய்களே பலருக்கு நினைவுக்கு வரும். அந்த நினைவும் பொருத்தமானதே. 1993-ஆம் ஆண்டு மார்ச்சில் மும்பையில் தொடர் குண்டுவெடிப்பு நிகழ்ந்தபோது, 'ஜஞ்சீர்' என்னும் லாப்ரடார் நாய் மறைத்து வைக்கப்பட்டிருந்த 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்தைக் கண்டறிய உதவியது. புணேயிலே பயிற்சி பெற்ற அந்நாய் 2000-ஆம் ஆண்டில் இறந்தது. குவாலியரை அடுத்த டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை 1970 முதல் நாய்களுக்கான தேசியப் பயிற்சி நிலையத்தை நடத்தி வருகிறது. இவ்விடங்களில் நாயோடு அதனைக் கையாளும் காவலரும் சேர்ந்தே பயிற்சி பெறுகிறார். இதனை நாம் கருத்தில் இருத்த வேண்டும். ஆளை விட்டு நாயை மட்டும் பழக்குவது அங்கே வழக்கமில்லை.

வீட்டு நாய்க்கும் இதுவே விதி. நாயை இரண்டு மாதம் ஒருவரிடம் விட்டுவைத்தால் முற்றிலும் பழகித் திரும்பி வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். திரும்பி வந்த நாய் பழக்கியவர் சொல்லுக்குக் கட்டுப்படும். வீட்டார் சொல்லுக்குக் கட்டுப்படாது. ஆகவே நல்ல பயிற்சியாளர் முதலில் குடும்பத்தாருக்கே ஆசிரியர் ஆவார். வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் இதற்குத் தனித் தேவை ஒன்றும் உண்டு. பாட்டி 'உட்கார்' என்கிறாள். பேரன் 'சிட்' என்கிறான். அடுத்த வீட்டுச் சிறுவன் 'பைட்' என்கிறான். நாய் மூவரையும் மாறி மாறிப் பார்த்து விழிக்கிறது. அதற்குத் தமிழும் இந்தியும் ஆங்கிலமும் ஒன்றே. எந்தச் சொல்லானாலும், வீட்டிலுள்ள அனைவரும் ஒரு செயலுக்கு ஒரே சொல்லை வழங்க வேண்டும். இந்த ஒற்றுமையை ஏற்படுத்துவதே பயிற்சியின் முதற்பாடம்.

பயிற்சி முறையின் அடிப்படை எளியது. ருஷ்ய அறிஞர் பாவ்லாவ், உணவுக்கு முன் தரப்படும் அடையாளத்தைக் கேட்டே நாயின் வாயில் நீர் ஊறுவதைக் காட்டினார். ஒன்றை அடுத்து மற்றொன்று வரும் என்பதை நாய் விரைவில் கற்றுக்கொள்கிறது. விரும்பிய செயலைச் செய்த அக்கணமே ஒரு சிறு தின்பண்டமோ அன்பான தட்டலோ கிடைத்தால், அச்செயலை மீண்டும் செய்யும். வெகுமதி காலம் தாழ்ந்து வந்தால், எதற்காக வந்தது என்று அதற்குப் புரியாது. ஒரு வேளைக்கு ஐந்து அல்லது பத்து நிமிடப் பயிற்சி போதும். ஒரு மணி நேரம் வற்புறுத்துவதைவிட நாளில் மூன்று முறை சிறிது சிறிதாகப் பழக்குவதே பயன் தரும். அடியும் முட்கழுத்துப்பட்டையும் உடனே அடக்குவதுபோல் தோன்றும். ஆனால் அச்சத்தால் அடங்கிய நாய் ஒரு நாள் முன்னறிவிப்பின்றிக் கடித்துவிடக் கூடும். பிராணிகளின் நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021-இல், எல்லா நாய்களுக்கும் வெகுமதி வழியே பயிற்சி அளிக்கவேண்டும் என்று அறிவுறுத்தியது.

காலமும் கருதத்தக்கது. குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாவது வாரம் வரை உள்ள பருவத்தில், அது காணும் மனிதரையும் ஒலிகளையும் இயல்பானவையாக ஏற்றுக்கொள்கிறது. வடாலாவில் வளரும் குட்டி ரயிலின் இரைச்சல், மின்தூக்கியின் அசைவு, கணபதி ஊர்வல மேளம், தீபாவளி வெடி, பர்தா அணிந்த பெண், தடியூன்றிய முதியவர் ஆகிய அனைத்தையும் அச்சமின்றிச் சந்திக்க வேண்டியிருக்கிறது. இவற்றைச் சிறிது சிறிதாக, மென்மையாக, அப்பருவத்திலேயே அறிமுகம் செய்தல் வேண்டும். தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்காமல் கையிலே ஏந்திச் சென்று காட்டலாம்.

இத்தொழிலை மேற்கொள்ள விரும்பும் இளைஞருக்குச் சில சொற்கள் கூறுவோம். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் உள்ளதுபோல், சட்டப்படி உரிமம் பெற்றே தொடங்கவேண்டும் என்ற நியதி நம் நாட்டில் இதற்கு இல்லை. ஆதலால் எவரும் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆதலாலேயே நேர்மையாளருக்குப் பொறுப்பு மிகுதி. தேர்ந்த பயிற்சியாளர் ஒருவரிடம் ஓராண்டேனும் உதவியாளராக இருந்து கற்பது நன்று. பிராணிகள் காப்பகத்திலே தொண்டு செய்து பலவகை நாய்களின் இயல்பைக் காண்பது அதனினும் நன்று. நாய் உடலால் பேசுவதைப் படிக்கத் தெரியவேண்டும். முகத்தைத் திருப்புதல், களைப்பின்றிக் கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல் ஆகியவை அதன் மனக்கலக்கத்தைக் காட்டும். வால் ஆடுவதெல்லாம் நட்பன்று. உடல் விறைத்து, வால் உயர்ந்து ஆடுவது எச்சரிக்கையும் ஆகலாம். அமைதியாக இருந்த நாய் திடீரெனச் சீறினால், அது வலியின் குறியாக இருக்கலாம். அப்போது பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்பும் அடக்கம் பயிற்சியாளருக்கு வேண்டும். 'பத்தே நாளில் உறுதி' என்று விளம்பரம் செய்வோரிடம் வளர்ப்போரும் எச்சரிக்கையாக இருப்பார்களாக.

இனி வளர்ப்போரின் கடமை. குட்டியை வாங்கும் முன்பே சிந்திக்க வேண்டும். நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம்மோடு வாழும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அதனை யார் காப்பார்? இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நமக்குப் பெருமை தரும் இனங்கள்தாம். 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் இராஜபாளையமும் இடம் பெற்றது. ஆயினும் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட ஓட்டநாயை ஓரறை வீட்டிலே கட்டி வைப்பது அதற்குச் சிறையாகும். பனிநாட்டு ஹஸ்கியை மும்பை வெயிலில் வளர்ப்பதும் அத்தகையதே. இந்த வெப்பத்துக்கும் மழைக்கும் நன்கு பழகியது நம் நாட்டு நாய். ஆதரவற்ற குட்டி ஒன்றை ஏற்று வளர்ப்பது செலவும் குறைந்தது, அறமும் மிகுந்தது.

சட்டமும் நம்மிடம் சிலவற்றை எதிர்பார்க்கிறது. பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் நிறைவேறியது; அதற்காக நாடாளுமன்றத்தில் வாதாடியவர் ருக்மிணி தேவி அருண்டேல். கட்டியே வைத்திருக்கும் நாயைத் தக்கபடி நடக்க விடாதிருப்பதும் கொடுமைச் செயல் என்று அச்சட்டம் வகுத்துரைக்கிறது. நாள்தோறும் இருவேளை நடை அழைத்துச் செல்வது நாய்க்கு நாம் செலுத்தும் கடன். குடியிருப்புச் சங்கங்கள் நாய் வளர்ப்பதை முற்றிலும் தடை செய்யலாகாது என்று விலங்கு நல வாரியம் 2015-இல் அறிவுரை வழங்கியது. உரிமையைப் பேசுவோர் கடமையையும் மறத்தலாகாது. மாநகராட்சி உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தல், பொதுவிடத்தில் வாரைப் பிடித்தே அழைத்துச் செல்லுதல், ஐந்து தோட்டங்களிலும் நடைபாதையிலும் நாயின் கழிவைத் தாமே அகற்றுதல், குட்டி வேண்டாதபோது கருத்தடை செய்வித்தல் ஆகியவை இன்றியமையாதவை. பிராணியைக் கவனக்குறைவாக வைத்திருந்து பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம்.

அனைத்தினும் பெரிது வெறிநாய்க்கடி நோயைப் பற்றிய விழிப்பு. நோயின் குறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் முன்னதாகவே முற்றிலும் தடுக்கக் கூடிய நோய் இது. நாய்க்கு மூன்று மாதத்திலும் பின்னர் மருத்துவர் குறிக்கும் முறையிலும் தடுப்பூசி போடவேண்டும். மும்பையின் மழைக்காலத்தில் எலிகளால் பரவும் லெப்டோ காய்ச்சலுக்கும் நாய்க்குத் தடுப்பூசி உண்டு. எந்த நாய் கடித்தாலும் அல்லது பிறாண்டினாலும், அந்த இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடியோ சுண்ணாம்போ தடவாதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அச்சம் பழங்கதை. இன்று கையிலேயே சில ஊசிகள்தாம். அவற்றை ஒன்றும் விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்ததைச் சொன்னால் திட்டுவார்களோ என்று குழந்தை மறைத்துவிடும். மறைக்காமல் சொல்லப் பழக்குவதும் பெற்றோர் கடமையே.

பல மொழியினர் ஒரே மாடியில் வாழும் நகரம் இது. நம் நாய் பிறர் வாயிலில் குரைக்காமலும், பிறர் குழந்தை அஞ்சாமலும், பிறர் நடக்கும் பாதை அழுக்காகாமலும் பார்த்துக்கொள்ளுதல், நமக்கு இடம் தந்த ஊருக்கு நாம் காட்டும் மரியாதையாகும். அதற்குக் குடும்பத்துக்கு வழிகாட்டும் பயிற்சியாளர் பலர் தேவைப்படுகின்றனர். நம் இளைஞருள் பொறுமையும் உயிர்களிடத்து அன்பும் உடையவர்கள் முறையாகக் கற்று இத்துறைக்கு வருவார்களாயின், தமக்குப் பிழைப்பும் அண்டை அயலாருக்கு அமைதியும் தேடித் தந்தவர்கள் ஆவார்கள்.