வாயால் அறியும் வயது

குழந்தை உலகத்தை முதன்முதலில் அறிவது வாயினால். கைக்கு எட்டியதெல்லாம் அதன் வாய்க்குச் செல்லும். செம்மரத்தில் செதுக்கி, வண்ணம் பூசாமல் கொடுத்த மரப்பாச்சியைப் பிள்ளை கடித்துச் சுவைத்தபோது அக்காலத் தாய்மார் அஞ்சினாரில்லை.

இன்று நான் வாழும் கீழ்க்கட்டளையின் கடைகளில் பாடும் பொம்மைகளும் ஒளிரும் வண்டிகளும் தொங்குகின்றன. அவற்றைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால், மாணவர்களே, பத்து வயது அண்ணனுக்கு விளையாட்டாய் இருப்பதே ஒரு வயதுத் தங்கைக்கு உயிர்ப்பகையாகலாம்.

பொத்தான் போன்ற சிறு பேட்டரியை எண்ணிப் பாருங்கள். அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரமான தசையின் வழியே மின்சாரம் பாய்கிறது. அங்கே கடுங்காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் தசையை அரிக்கிறது. காந்தத் துண்டுகள் இரண்டை விழுங்கினாலோ, குடலின் மடிப்புகளுக்கு இருபுறமும் நின்று ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். வண்ணப்பூச்சில் கலந்த ஈயம் ஓசையின்றி மூளையைக் கெடுக்கும். வெடித்த பலூனின் துண்டு மூச்சையே அடைத்துவிடும்.

இவற்றைத் தடுக்கச் சட்டமும் உண்டு. 2020-இல் பிறப்பித்து, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் ஆணைப்படி, பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருத்தல் வேண்டும். பதிவுபெற்ற கைவினைஞரின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அலுவலகம் எங்கள் ஊருக்கு அண்மையில், தரமணியில் இருக்கிறது. ஒன்றேகால் அங்குலக் குறுக்களவுள்ள உருளை ஒன்று சோதனைக்குப் பயன்படுகிறது. அதற்குள் முழுதும் அடங்கும் சிறு பொருளோ, கழன்று விழும் உறுப்போ, மூன்று வயது நிரம்பாத குழந்தையின் விளையாட்டுப் பொருளில் இருக்கலாகாது.

எனினும் முத்திரை கடைவாயில் வரையில்தான் காவல். வீட்டிற்குள் அண்ணனும் அக்காளுமே காவலர். உங்கள் கோலிக்குண்டும் காந்தமும் தரையில் கிடக்கலாமா? பேட்டரி அறையின் மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா? பொம்மையின் கண் ஆடுகிறதா? நாள்தோறும் பாருங்கள். பேட்டரியை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலும் போதும், வாந்தி எடுக்கச் செய்யாமல், உடனே 108-ஐ அழையுங்கள், மருத்துவமனைக்கு விரையுங்கள்.

தம்பிக்குப் பொம்மை கொடுப்பது அன்பு. கொடுக்குமுன் அதைத் திருப்பிப் பார்ப்பது அறிவு. இரண்டும் உங்களிடம் இருக்கட்டும்.