இரவல் மிக்சி



2004-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்' தொடரைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதில் வருவதெல்லாம் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத் தக்கதல்ல. ஆனாலும் முதல் நிகழ்ச்சி என் மனத்தை உலுக்கியது.

அழகழகான வீடுகள் உள்ள தெரு. மேரி ஆலிஸ் வீட்டுவேலைகளை முடித்துவிட்டு, தன்னையே சுட்டுக்கொள்கிறாள். சத்தம் கேட்ட பக்கத்து வீட்டம்மா, இரவல் வாங்கிய மிக்சியைத் திருப்பித் தரும் சாக்கில் வந்து பார்க்கிறாள். போலீசுக்குச் சொல்கிறாள். பிறகு மிக்சியில் ஒட்டியிருந்த மேரி ஆலிஸின் பெயரை உரித்துவிட்டு, தானே வைத்துக்கொள்கிறாள்! அவளுடைய இரகசியத்தை அறிந்து மிரட்டல் கடிதம் எழுதியவளும் இந்த அம்மாதான் என்பது பின்னால் தெரிகிறது. நெருங்கிய தோழியர் நால்வருக்கோ, அவள் இறந்த பிறகுதான் அந்தக் கடிதம் கண்ணில் படுகிறது.

ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை எக்காரணத்தாலும் குருவானவர் வெளியிட முடியாது. சனிக்கிழமை மாலைதோறும் அங்கே அமர்ந்திருக்கிறேன். வாருங்கள்.