குறட்டைக்கு நடுவே நிற்கும் மூச்சு



எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகம் போக வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளில், ஸ்டியரிங்கில் சாய்ந்து கண்ணயரும் ஓட்டுநர்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் வேலை அலுப்பு என்று நினைக்கிறோம். சிலருக்குக் காரணம் வேறு. தூக்கத்தில் தொண்டை அடைத்து, 10 விநாடி, 20 விநாடி மூச்சே நின்றுவிடுகிறது. மூளை பதறி எழுப்பிவிடுகிறது. இரவெல்லாம் இப்படி நடந்தும் காலையில் அவருக்கு நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிதான் பயந்து கிடப்பார்.

இந்த மூச்சுத் தடையை உறுதிசெய்ய, தூக்கத்தைச் சோதிக்கும் ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கலாம். தலை, கண்ணோரம், தாடை, கால் எங்கும் ஒயர் ஒட்டுவார்கள். அல்லது சிறிய கருவியை வீட்டுக்கே வாங்கி வரலாம்: மூக்கில் குழாய், மார்பில் பெல்ட், விரலில் கிளிப், அவ்வளவுதான். மணலியில் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவருக்கு வீட்டுக் கருவியே வசதி. பழகாத நேரத்தில், பழகாத கட்டிலில் அவருக்கு எப்படித் தூக்கம் வரும்?

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீட்டுக் கருவிகள் மூளை அலைகளைப் பதிவதில்லை. நீங்கள் தூங்கினீர்களா, புழுக்கத்தில் புரண்டுகொண்டிருந்தீர்களா என்று அவற்றுக்குத் தெரியாது. கருவி 7 மணி நேரம் ஓடியது, நீங்கள் தூங்கியது 4 மணி நேரம், மூச்சு தடைப்பட்டது 80 முறை என்று வையுங்கள். தூங்கிய நேரத்தால் வகுத்தால் மணிக்கு 20, அதாவது நடுத்தர நோய். கருவி ஓடிய நேரத்தால் வகுத்தால் 11 சொச்சம், லேசானது. அதே மனிதர், அதே இரவு! அதனால் அறிகுறிகள் இருந்தும் வீட்டுச் சோதனை ‘ஒன்றுமில்லை’ என்றால் அத்தோடு விடாதீர்கள், ஆய்வகச் சோதனை கேளுங்கள். இதயம் பலவீனமானவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், புகையால் நுரையீரல் கெட்டவர்கள் முதலிலேயே ஆய்வகத்துக்குப் போவது நல்லது.

சிகிச்சைக்கு, காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி உண்டு. 1981இல் சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தியது. தேவையான அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வகையும் வந்துவிட்டதால், பலருக்கு அழுத்தத்தை நிர்ணயிக்க இன்னொரு இரவு ஆய்வகத்தில் தங்க வேண்டியதில்லை. எத்தனை மணி நேரம் மாட்டினீர்கள், எங்கே காற்று கசிந்தது, இன்னும் எத்தனை முறை மூச்சு தடைப்படுகிறது என்பதையெல்லாம் அதுவே பதிந்து வைக்கும். முதல் மாதத்திலேயே அந்தப் பதிவை மருத்துவரிடம் காட்டுங்கள். மாஸ்க் உறுத்தினால் கழற்றி மூலையில் போட்டுவிடாமல் வேறு அளவு கேளுங்கள்.

இராயபுரம், திருவொற்றியூர்க்காரர்கள் ஸ்டான்லி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ, காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ முதலில் காட்டலாம். போகும்போது மனைவியையும் கூட்டிச் செல்லுங்கள். மருத்துவர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அவருக்குத்தான் பதில் தெரியும்.