துறவும் உறவும்



மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். கோடையில் மணல் திரண்டு வாவியைக் கடலினின்றும் பிரித்து நிற்கும். மாரி வெள்ளம் பெருகியதும் அத்தடை நீங்கும். மனித உள்ளமும் அத்தகையதே. உலகை விட்டு நீங்க விழைகின்றது. உறவின்றி வாழவும் இயலாது தவிக்கின்றது. சிறந்த கதைகள் பலவற்றுக்கு இத்தவிப்பே கருவாய் அமைந்துள்ளது.

ரஷ்ய எழுத்தாளராகிய டால்ஸ்டாய் எழுதிய ‘செர்ஜியஸ் அடிகள்’ என்னும் கதை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. தான் மணக்கவிருந்த பெண் முன்னர் அரசனின் காதலியாயிருந்தவள் என அறிந்த படை அதிகாரி ஒருவன், மானம் பொறாது மடம் புகுகின்றான். காலப்போக்கில் நோய் தீர்க்கும் மகான் எனப் புகழ் பெறுகின்றான். ஆயினும், அவன் துறந்தது உலகத்தையேயன்றித் தன் செருக்கை அன்று. ஒருநாள் நிலை தவறி, மடத்தை விட்டு வெளியேறி, இளமையில் தான் எள்ளி நகையாடிய பாஷென்கா என்பவளை நாடிச் செல்கின்றான். அவளோ இசை கற்பித்துப் பெற்ற சிறு ஊதியத்தால் மகளையும் நோயுற்ற மருமகனையும் பேரப்பிள்ளைகளையும் காப்பாற்றி வருகின்றாள். தன்னைப் புண்ணியவதி என அவள் ஒருகாலும் எண்ணியதில்லை. உண்மைத் துறவு அவ்வீட்டிலேயே இருப்பதை அவன் உணர்கின்றான். இறுதியில் சைபீரியாவில் ஒரு குடியானவனின் தோட்டத்தில் உழைத்து, பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டி, நோயாளரைப் பேணி வாழ்கின்றான்.

கதையில் இவ்வளவு வருந்தித் தேடப்பட்ட விடையை, காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார் தம் வாழ்விற் காட்டினார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த அவர், 1922 இல் சென்னை சென்று இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924 இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். பின்னர்ப் பிறந்த நாட்டுக்கே மீண்டு, மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். 1929 இல் கல்லடி உப்போடையில் வாவிக்கரையருகே சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. மனைவி மக்கள் என்னும் தொடர்பு இல்லாதவர், ஊர்ப்பிள்ளைகள் அனைவரின் கல்விக்கும் கவலைப்பட்டார். பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து அவர் எழுதிய ‘யாழ்நூல்’ 1947 சூனில் அரங்கேறியது. மறுமாதம் 19 ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டதும் அவ்வித்தியாலய வளவிலேயே.

துறவைப் பொருளாகக் கொண்ட நம் கதைகள் பல, நாயகன் வீட்டுப்படி இறங்கும் இரவோடு முடிந்துவிடுகின்றன. உண்மையில் கதை தொடங்க வேண்டிய இடம் அதுவே. வீட்டை விட்டவன் மறுநாட் காலை எவருக்காகத் துயிலெழுகின்றான்? தனக்காகவே எனின், அவன் எதையும் துறந்தவன் அல்லன். பிறர்க்காக எனின், அவன் உறவை இழந்தவனும் அல்லன். அதனை விரித்தவனே ஆவான். கிழக்கிலங்கையில் பேனா பிடிக்கும் இளைஞர் இவ்வினாவை எழுப்பிக் கதை புனைவாராயின், அதற்குரிய மாந்தரைத் தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை.