கதை முடிஞ்ச பிறகு என்ன செய்யணும்? கூத்து, தொடர், கள்ளச்சாராயம்

இந்த வாரம் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசப்போறோம். சினிமா விமர்சனம் இல்லைங்க. கூத்து, நாடகம், டிவி தொடர், இதையெல்லாம் வைத்து ஒரு ஊரின் உயிரைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. தென்னாப்பிரிக்காவில் ஆரம்பித்து, நம்ம கள்ளக்குறிச்சிக்கு வந்து சேரலாம்.

கார்த் ஜாஃபெட் என்று ஒரு டாக்டர். தென்னாப்பிரிக்காவின் கிராமப்புறத்தில் வேலை பார்த்தவர். தடுத்திருக்கக்கூடிய நோய்களோடு மக்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தார். மருந்து கொடுத்து மாளாது என்று புரிந்தது. 1992-இல் ஷெரீன் உஸ்டின் என்ற இன்னொரு டாக்டரோடு சேர்ந்து 'சோல் சிட்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1994-இல் அதே பெயரில் டிவி தொடர் வந்தது. கூடவே 9 மொழிகளில் வானொலி நாடகம், சின்னச் சின்னப் புத்தகங்கள். தாய்சேய் நலம், காசநோய், எய்ட்ஸ் எல்லாம் அந்தக் கதைக்குள்ளேயே வரும். பார்க்கிறவர்களுக்கு அது பாடம் இல்லை, தொடர்.

1999-இல் வந்த நாலாவது பாகத்தில் ஒரு வாத்தியார். ஊரில் மரியாதை உள்ள மனுஷன், வீட்டில் மனைவியை அடிக்கிறார். அக்கம்பக்கத்துக்குத் தெரியும். "அது அவங்க வீட்டு விவகாரம்" என்று எல்லாரும் சும்மா இருக்கிறார்கள். நம்ம ஊர் வழக்கமும் அதுதானே? ஒரு கட்டத்தில் அக்கம்பக்கத்தார் வெளியே வருகிறார்கள். யாரும் உள்ளே புகுந்து சண்டை போடவில்லை. கையில் இருந்த பாத்திரத்தைத் தட்டுகிறார்கள். அவ்வளவுதான். 'எங்களுக்குத் தெரியும்' என்பதுதான் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். நிஜத் தெருக்களிலும் பாத்திரம் தட்டினார்கள். தெம்பிசா என்ற ஊரில், ஒரு மதுக்கடையில் ஒருத்தன் ஒரு பெண்ணை அடித்தபோது, குடித்துக்கொண்டிருந்தவர்களே பாட்டிலைத் தட்டிச் சத்தம் எழுப்பியதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இது ஏன் பலித்தது? "பெண்ணை அடிக்காதே" என்று சொல்லிவிட்டு அந்தத் தொடர் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்யலாம் என்று காட்டியது. அது யாராலும் முடிகிற காரியம். கூடவே ஒரு உதவி எண்ணும் இருந்தது. போன் செய்தால் அந்தப் பக்கம் எடுக்க ஆள் இருந்தார். 1998-இல் நிறைவேறிக் கிடப்பில் கிடந்த குடும்ப வன்முறைச் சட்டத்தை அமலாக்கச் சொல்லிப் பிரசாரமும் நடந்தது. 1999 டிசம்பரில் அது அமலுக்கு வந்தது.

சரி, நம்ம பக்கம் வருவோம். களமருதூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கூவாகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உளுந்தூர்பேட்டை வட்டாரம், கூத்தாண்டவர் கோவில், சித்திரைப் பௌர்ணமி. அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ள நாடு முழுக்க இருந்து திருநங்கைகள் வருகிறார்கள். மறுநாள் தாலியறுத்து அழுகிறார்கள்.

இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. அதற்குப் பிறகு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் தொண்டு நிறுவனங்களும் கூவாகம் திருவிழாவைத் தேடி வந்தன. அழகிப் போட்டி, ஆட்டம், பாட்டு, அதே மேடையில் எச்ஐவி பற்றிய பேச்சு, பக்கத்திலேயே ஆணுறை, ரத்தப் பரிசோதனை. மேடையில் இருப்பவர்களும் திருநங்கைகள், கீழே இருப்பவர்களும் திருநங்கைகள். "நீதான் நோயைப் பரப்புறே" என்று யாரும் விரல் நீட்டவில்லை. கேட்டதும் நாலு அடி நடந்தால் பரிசோதனை செய்துகொள்ளலாம். சோல் சிட்டி செய்ததும் இதுதானே?

இப்போ கொஞ்சம் கஷ்டமான இடத்துக்கு வர்றேன். 2024 ஜூன், கள்ளக்குறிச்சி கருணாபுரம். பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்களும் அதில் அடக்கம். அதற்கு முந்தைய வருஷம் மே மாதம்தான் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இதே மாதிரி நடந்திருந்தது. கருணாபுரத்துக்குப் பிறகு அரசு சட்டத்தைத் திருத்தி, ஆயுள் சிறை வரை தண்டனையைக் கூட்டியது. அது வேண்டியதுதான். ஆனால் குடிக்கிறவருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கல்வராயன் மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சுவது பழைய கதை. அதனால் பல பேருக்கு, "சாராயத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்ற நினைப்பு. கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலையில் பயன்படும் ரசாயனம். வாசனையை வைத்தோ ருசியை வைத்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. குடித்த உடனே சாதாரணப் போதை மாதிரிதான் இருக்கும். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும்போதுதான் விஷம் வேலை செய்யும். அதற்குப் பல மணி நேரம் ஆகும், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல், மூச்சுத்திணறல். வீட்டில் இருப்பவர்கள் "போதை இன்னும் தெளியல, தூங்கட்டும்" என்று விட்டுவிட்டால் ஆள் போய்விடுவார். சீக்கிரம் கொண்டுபோனால் மாற்று மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு, கண்ணையும் உயிரையும் காப்பாற்ற வாய்ப்பு இருக்கு.

நம்ம பாட்டிலில் எழுதியிருப்பது என்ன? சினிமாவில் ஓரத்தில் ஓடும் வரி என்ன? குடி கெடுதல் என்பதுதான். அது குடிக்கிறவருக்கும் தெரியும். கண் மங்கினால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்யணும் என்பதை எந்த வரியும் சொல்லவில்லை.

இதைக் கூத்தில் சொல்லலாம். நம்ம தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். ராஜா பாரதத்தில் நிற்பார், கட்டியங்காரன் மட்டும் நம்ம தெருவில் நிற்பான். ரேஷன் கடையையும் பேசுவான், பஞ்சாயத்தையும் பேசுவான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். விடிய விடிய உட்கார்ந்திருக்கும் ஜனத்துக்கு அவன் ஒரு கதை சொல்லட்டும். நேற்று ராத்திரி குடித்தவன் காலையில் "ஏன் இன்னும் வெளிச்சம் வரல?" என்று கேட்கிறான். அவன் சம்சாரம் என்ன செய்கிறாள்? அக்கம்பக்கம் என்ன செய்கிறது? போலீஸ் வருமோ என்று பயந்து கதவைச் சாத்துகிறார்களா, இல்லை தெருவே பாத்திரத்தைத் தட்டி ஆள் கூப்பிடுகிறதா?

அந்தப் பயம்தான் இங்கே உயிரை எடுக்கிறது. ஆகவே கூத்து ஒரு பாதிதான். ஆஸ்பத்திரிக்கு வருகிறவரை, "கள்ளச்சாராயம் குடிச்சியா?" என்று குற்றவாளி மாதிரி விசாரிக்காமல் நோயாளியாகப் பார்ப்பது இன்னொரு பாதி. போனை எடுக்க ஆள் இல்லாத உதவி எண்ணைத் தொடரில் காட்டி என்ன பிரயோஜனம்?

உங்க ஊரில் இந்த வருஷம் திரௌபதி அம்மன் கோவில் கூத்து வைப்பீங்கன்னா, வாத்தியார்கிட்ட இதைப் பேசிப் பாருங்க. கட்டியங்காரனுக்கு ஒரு பத்து நிமிஷம் போதும். அவன் வாயால் மூணு விஷயம் போய்ச் சேரட்டும்: கண் மங்கினால் தூங்க விடாதே, 108-ஐக் கூப்பிடு, டாக்டரிடம் என்ன குடித்தார் என்பதை மறைக்காதே.

அடுத்த வாரம் சந்திப்போம்.