பாதரசமும் ஒரு பேராசானும்

இரயிலே ஓடாத இத்தீவுக்கு, இரயில்வே எழுத்தராகிய எம்மைப் பேச அழைத்த சங்கத்தாருக்கு நன்றி.

வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் 1861இல் ராருலி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேசத்தில் உள்ளது. 1949 முதல் இங்குக் குடியேறி நம்மோடு வாழும் கிழக்கு வங்கத்தாருக்கு அவர் சொந்த மண்ணின் மைந்தர்.

எடின்பரோவில் 1887இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவருக்கு, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் ஊதியமே கிட்டியது. ஆங்கிலேயர் வகித்த உயர்பணி கிட்டவில்லை. அவர் சோர்ந்தாரில்லை. பாதரசத்தின்மேல் நீர்த்த நைட்ரிக் அமிலம் குளிர்ந்த நிலையில் வினைபுரிய, மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றக் கண்டார். அதுவே மெர்க்குரஸ் நைட்ரைட். அக்கண்டுபிடிப்பை 1896இல் வெளியிட்டார்.

ஆய்வுக்கூடத்தோடும் அவர் நின்றாரில்லை. பட்டம் பெற்ற இளைஞர் எழுத்தர் வேலையையே நாடுவது கண்டு வருந்தி, 1892இல் தாம் குடியிருந்த வீட்டிலேயே மருந்து செய்யத் தொடங்கினார். அது 1901இல் பெங்கால் கெமிக்கல் நிறுவனமாயிற்று. மணம் புரியாத அவர், அறுபதாம் அகவைக்குப்பின் தம் பல்கலைக்கழக ஊதியத்தைக் கல்விப் பணிக்கே ஈந்து, 1944இல் மறைந்தார்.

எழுத்தர் பணி இழிவன்று. எம் குடும்பத்துக்குச் சோறிட்டது அதுவே. ஆயினும், "எப்படியாவது சர்க்கார் வேலையில் சேர்ந்துவிடு" என்று பிள்ளைகளை நெருக்கும் பெற்றோரை எங்கள் இரயில்வே குடியிருப்பிலும் காண்கிறோம், இங்கும் காண்கிறோம். தென்னையும் மீனும் மலிந்த இத்தீவில், தொழிலறிந்த ஒரு பிள்ளை பத்துப் பேருக்கு வேலை தரலாம். "தோற்றாலும் வீட்டில் உனக்குச் சோறுண்டு" என்று சொல்லி, ஒரு பிள்ளையையேனும் அவ்வழியில் அனுப்புங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!